பட்டியலில் நம் மாவட்டம்

ஜூன் 4

என்னவருக்கு,

நான் நலம். குட்டியின் இருமல் நின்றதா? மருந்தைக் கடைவாயில் ஒதுக்கிவைத்துத் துப்பிவிடுவாள். வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள்.

இங்கே தலைநகரில் பயிற்சி என்று பெயர்தான். எல்லாத் துறை அதிகாரிகளும் வருகிறார்கள். திட்டம் போடும் இடத்தில் பெண்களையும் உட்காரவைப்பது எப்படி என்று நான் தொண்டை வற்றப் பேசுகிறேன்; பாதிப் பேர் செய்தித்தாளுக்குப் பின்னால் இருக்கிறார்கள். நேற்று செயலர், "ஒரு மாவட்டத்துலயாவது செஞ்சு காட்டுங்கம்மா. இல்லேன்னா உங்க மகளிர் பிரிவையே மூடிடுவாங்க" என்றார். நம் மாவட்டத்தைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிவிட்டேன். அங்கே பாசனப் பொறியாளர் நீங்கள் என்ற தைரியம்தான். தண்ணீர் பங்கிடும் வாய்க்கால் குழுவில் பாதி இடம் பெண்களுக்குத் தர வேண்டும். செய்வீர்கள்தானே?

உங்கள் அம்மு

ஜூன் 15

டீச்சரம்மாவுக்கு,

இருமல் நின்றுவிட்டது. மருந்தெல்லாம் ஜன்னல் வழியே போனதை நேற்றுதான் கண்டுபிடித்தேன்.

உன் சுற்றறிக்கையைப் பார்த்து அலுவலகமே சிரித்தது. "வீட்டுல பாடம் எடுத்தது பத்தலையா சார்?" என்றார் கணக்கர். நானும் சிரித்துவைத்தேன். தலைமைப் பொறியாளர் சிரிக்கவில்லை. "குழுவுல இருக்கிற பெரியவங்களைப் பகைச்சுக்கிட்டா இந்த ஊர்ல இருக்க முடியாது, பார்த்துக்குங்க" என்றார். உருட்டுவதற்கு என் தலைதானா கிடைத்தது உனக்கு?

உன்னவன்

ஜூலை 2

என்னவருக்கு,

இரண்டு கடிதம் போட்டும் பதில் இல்லை. தபால்காரர் படியேறும் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடுகிறேன். குட்டிக்கு ஏதாவதா? என்மேல் கோபமா?

இன்று செயலரிடம் போய், நம் மாவட்டத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். "நீங்களே பின்வாங்கினா வேற யாரும்மா செய்வாங்க?" என்றார். ஆனாலும் பெயரை அடித்துவிட்டார். அத்தனை அதிகாரிகளுக்கும் துணிச்சல் சொல்லிக்கொடுத்தவள் கைக்குட்டையைப் பிசைந்துகொண்டு நின்றேன். பிரிவு போனால் போகட்டும். நீங்கள் ஒரு வரி எழுதுங்கள்.

அம்மு

ஜூலை 7

அம்மு,

என்ன காரியம் செய்தாய்! நீ கேட்டபடி பாதி இடத்தைப் பெண்களுக்குக் கொடுத்து, குழுக் கூட்டமும் நடந்து முடிந்துவிட்டது. முடிவு தெரிந்த பிறகு எழுதலாம் என்றிருந்தேன். உன்னைத் தவிக்கவிட்டது தப்புதான்.

பெண்கள் வந்து உட்கார்ந்ததும் பெரியவர்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போனார்கள். கூட்டத்தை ஒத்திவைப்பதாகச் சொல்லி நானும் எழுந்தேன். தையல் வேலையோடு வயலையும் பார்க்கும் ஒரு பெண், "அவங்க போனா கூட்டம் முடிஞ்சுதா? நாங்க என்ன வேடிக்கை பார்க்கவா வந்தோம்? உக்காருங்க சார்" என்றாள். உட்கார்ந்தேன். யாருக்கு எந்த நாள் தண்ணீர் என்ற பேச்சு வந்ததும், தங்கள் முறை போய்விடுமோ என்று பயந்து பெரியவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்துவிட்டார்கள்.

ஆனாலும் மேலிடத்தில் புகார் சொல்லிவிட்டார்கள்; நேற்று எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. அணைக்கட்டுக்கு. அங்கே பள்ளிக்கூடம் இல்லை. குட்டியை உன்னிடம் விட்டுவிட்டு நான் மட்டும் போக வேண்டும். நினைத்தால் சோறு இறங்கவில்லை. உன்மேல் கோபமும் வருகிறது, மறைக்கமாட்டேன்.

ஆனால் அந்தப் பெண்கள் அடுத்த கூட்டத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். அன்று நான் இருக்கமாட்டேன். பட்டியலில் மாவட்டமும் இல்லையென்றால், புதிதாக வருபவர் அவர்களை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார். இன்றே செயலரைப் பார். பெயரைத் திரும்பச் சேர்க்கச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை குட்டியைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். முதலில் மூவரும் சாப்பிடுவோம். சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

உன்னவன்