எங்கள் தெரு இரணியனின் கிரீடம்

அம்மா வீட்டுச் சாப்பாட்டில் கன்னம் உப்பியிருக்கும் நீலாம்பாளுக்கு,

இங்கே நான் சுகம். நீயும் வயிற்றுப் பிள்ளையும் சுகந்தானே?

கூலி உயர்வு கேட்டோமென்ற கோபத்தில், இந்த வருஷம் இரணியன் நாடகத்துக்குக் கிரீடம் தரமாட்டேன் என்றுவிட்டார் மிராசுதார். போகட்டுமே! வேலியில் நின்ற கல்யாண முருங்கையை வெட்டி நானே ஒன்று செதுக்கிவிட்டேன். தலையில் வைத்தால் கனமே தெரியாது. உச்சியில் மயிலிறகு, ஓரமெல்லாம் ஜரிகை, நெற்றியில் கண்ணாடிச் சில்லு. ஜரிகையும் சில்லும் ஏது என்று இப்போது கேட்காதே. பிள்ளைத்தாச்சி உடம்பை அலட்டிக்கொள்ளக் கூடாது.

இரணியன் மேடையேறினால் ஊரே எழுந்து நிற்கணும், கிரீடம் கொடுத்தவர் மட்டும் நாற்காலியில் உட்காரலாம் என்பது உனக்குத் தெரியும். வெறுந்தலை இரணியனைப் பார்த்துச் சிரிக்க வந்த மிராசுதார், பழக்கத்தில் உட்கார்ந்தே இருந்தார். மத்தளம் நின்றது.

"எந்திரிங்கய்யா, இது எங்க தெருக் கிரீடம்" என்றார் மத்தளம் வாசித்த கோவிந்தராசு அண்ணன், ரொம்ப மரியாதையாக.

எழுந்தாரே! எனக்கு மீசை ஒட்டியிருந்ததால் சிரிப்பு வெளியே தெரியவில்லை.

நாற்காலி இப்போது காலி. முகம் பார்க்கும் கண்ணாடியும் கல்யாணச் சேலைக் கரையும் கொடுத்தவள்தான் அடுத்த வருஷம் அதில் உட்காரணுமென்று தெருவே சொல்லிவிட்டது. கோபப்படாமல் வந்து உட்கார், மடியில் பிள்ளையோடு.

இப்படிக்கு,
உன் இரணியன்