சுடச்சுட ஊத்தின பாகு

தங்கச்சி, எப்படி இருக்கே? முழங்கால் வலி தேவலையா?

இங்கே பூனை என் செருப்பு மேலேயே குட்டி போட்டிருக்கு. வெறுங்காலோட திரியறேன். அது கிடக்கட்டும்.

போன வருசம் நீ செஞ்ச ரவை கேக் குழைஞ்சு போச்சே, "இதைக் கரண்டியால ஊட்டி விடணுமா?"ன்னு உன் மாமியார் எல்லார் முன்னாடியும் கேட்டாங்களே, அப்ப நானும் சேர்ந்துதான் சிரிச்சேன். அதோட நீ கேக் செய்யறதையே விட்டுட்டே.

"சர்க்கரைப் பாகு ஆறினப்புறம் கேக் மேல ஊத்திக்கலாம், தொடாதேண்ணே"ன்னு சொல்லிட்டுத்தான் நீ குளிக்கப் போனே. உதவி பண்றேன்னு சுடச்சுட ஊத்திக் கேக்கைக் குழைய விட்டது நான்தான். பழி உன் மேல விழுந்தப்ப வாயே திறக்கலை.

இன்னைக்கு நானே கேக் சுட்டிருக்கேன். நாளைக்கு எடுத்துட்டு வந்து உன் மாமியார்கிட்ட உள்ளதைச் சொல்லிடறேன். நீ மட்டும் என்னை…

இரு, உன் அண்ணி "பாகை ஊத்திடவா?"ன்னு கூப்பிடுறா. ஆறிடுச்சான்னு நானே தொட்டுப் பார்த்துட்டு வரேன்.