தூக்கிய ரீல்

12.6.2014, வியாழன்
கத்திரி முடிந்தும் வெயில் குறையவில்லை. தண்ணீர் கேனுக்குச் சொல்ல வேண்டும். காலையில் செல்வராஜ் வந்தான். மைன்ஸில் ரிடையர் ஆன பிறகு டவுன்ஷிப் திரைப்படக் கழகம்தான் அவனுக்கு எல்லாம். இந்த ஞாயிறும் கூட்டம் கடைசிவரை நிற்காவிட்டால், கழகம் படம் போடும் ஹால் நடன வகுப்புக்குப் போய்விடும். போடுவது பழைய விண்வெளிப் படம். நான் சொன்ன படம்.

"நடுவுல கப்பலு நகந்துகினே இருக்குது. பேச்சும் இல்ல, பாட்டும் இல்ல. அத்த மட்டும் வெட்டிடலாம்டா."

"கூடாது. அன்னிக்கு தியேட்டர்ல வந்தப்ப ஜனங்க அசையாம பார்த்தாங்க."

"அன்னிக்கு..." என்று ஆரம்பித்தான். நான் விடவில்லை. பொறுமை பற்றி நெடுநேரம் பேசினேன். வெட்டுவதில்லை என்று முடிவு.

13.6, வெள்ளி
பத்திரிகைக்கான வாரப் பத்தி தொடங்கினேன். முதல் வரி: 'அந்தக் காலத்து ரசிகர்களுக்குக் காத்திருக்கத் தெரிந்திருந்தது.' திருப்தி. வடலூர் பஸ்ஸில் பின்சீட்டுக் குரல்: "பத்து நிமிஷத்துல ஒண்ணும் நடக்கலன்னா படத்த மூடிடுவேன் மச்சி." இதையும் சேர்க்கலாம்.

15.6, ஞாயிறு
பாதி ஹால் நிறைந்தது. கமலாவும் வந்தாள். கல்யாணமான புதிதில் நாங்கள் இங்கே தியேட்டரில் பார்த்த படம்.

கப்பல் நிலையத்தை நோக்கி மெல்ல வந்தது. சத்தமே இல்லை. அங்கங்கே செல்போன் வெளிச்சம். "ஹேங் ஆயிடுச்சா சார்?" சிரிப்பு. நாற்காலிகள் நகர்ந்தன. என் கையும் சட்டைப்பைக்குப் போனது.

கமலா காதருகே: "என்னங்க, இது அன்னிக்கு வரலையே."

வரவில்லைதான். இந்தக் காட்சியை நான் பார்த்ததே இல்லை.

கடைசியில் மிஞ்சியது முன்வரிசைகள் இரண்டு. அந்தக் காட்சி அன்று ஏன் வரவில்லை என்று செல்வராஜிடம் கேட்டேன்.

"எங்களுக்கு நைட் ஷிஃப்ட் பஸ்ஸு பூடும்னு தியேட்டர்காரங்க ஒரு ரீல தூக்கிடுவாங்க. எந்தப் படம் வந்தாலும் அதான். முழுசா போட்டா நாங்க பாதியில எழுந்து பூடுவோம்ல?"

"வியாழக்கிழமையே சொல்றதுதானே?"

"நீ எங்க சொல்ல வுட்ட? பொறுமை, பொறுமைன்னு கத்திகினு இருந்த."

16.6, திங்கள்
தூறல். துணி நனைந்தது. பத்தியின் முதல் வரியை அடித்தேன். வேறு வரி வரவில்லை.

கமலா, தோசை வார்த்தபடி: "அந்தக் கப்பல் போய்ச் சேர்ற வரைக்கும் எனக்கு மூச்சே வரல."

எனக்கு அப்படியில்லை.

மதியம் செல்வராஜ் ஃபோன். ஹால் போய்விட்டது. கடைசியாக ஒரு ஞாயிறு தருகிறார்களாம். குரல் இறங்கியிருந்தது. "என்னா படம் போடலாம்? வேகமா போறதா ஒண்ணு சொல்லுடா."

கமலாவைக் கேட்டேன்.

"அதையேதான்," என்றாள். "முழுசா."