பிரேக் முடியாத வண்டி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. நீ வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, சுகமாக இருக்க வேண்டும்.

முதலாளி கேக்கறபடி எழுதிக் குடுத்துடும்மா, வம்பு எதுக்கு என்று நீ போனில் சொன்னதையே மூன்று நாளாக மென்றுகொண்டிருந்தேன். உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும், அதனால் முழுசாக எழுதுகிறேன். அந்த டாக்டரின் ஐம்பது வருஷத்துப் பழைய பைக்கை எங்கள் பட்டறையில் அக்கக்காகப் பிரித்துப் புதுசாக்கிக் கொண்டிருந்தோம். அதற்கு இரண்டு கார்ப்பரேட்டர், ஒன்று இழுத்தால் மற்றது தூங்கும். இரண்டையும் ஒரே மூச்சாக விட வைக்க எனக்கு ஒன்பது நாள் பிடித்தது. முன் சக்கரத்துப் பழைய டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிரேக் போடுகிறோம், தகடு மாட்டியாயிற்று, ஆயில் போகிற குழாய் வந்து சேரவில்லை. பிரேக் முடியாத வண்டிக்குக் கார்ப்பரேட்டர் மாட்டக் கூடாது என்பது எங்கள் பட்டறைக் கட்டுப்பாடு. அது இல்லாமல் எஞ்சின் கிளம்பாது, கிளம்பி உறுமினால் ஓட்டிப் பார்க்க எவனுக்காவது கை அரிக்கும் என்று அதைக் கொண்டுவந்ததே நான்தான். அன்றைக்கு டாக்டர் சத்தம் மட்டும் கேட்க வருகிறார், மாட்டிக் காட்டு என்றார் முதலாளி. ஒன்பது நாள் உழைப்பு, எனக்கும் காட்ட வேண்டும் போலிருந்தது, மாட்டிவிட்டேன். அது தப்பு, மழுப்ப மாட்டேன்.

டாக்டர் கேட்டார், சிரித்தார், ஏறி உட்கார்ந்துவிட்டார். முன் பிரேக் இல்ல சார், ஓட்டாதீங்க என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். தெரு முனை வரைக்கும்தாம்மா, பின் பிரேக் இருக்கில்ல என்று போய்விட்டார். முனையில் தெரு பெருக்குகிற அக்கா குப்பை வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பியிருக்கிறாள். அவளுக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது, அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு.

இப்போது, முன் பிரேக் இல்லை என்று என்னிடம் யாருமே சொல்லவில்லை என்கிறார் டாக்டர். சொல்ல மறந்துவிட்டேன் என்று நான் எழுதிக் கொடுத்தால் எல்லாம் என்னோடு முடியுமாம், வேலையும் போகாதாம். ஏம்மா, படிச்சவர் பேரு கெடலாமா என்று என்னையே கேட்கிறார் முதலாளி. இடுப்பொடிந்து கிடப்பவளுக்குப் பேரே கிடையாது போல. உன் அப்பா அதே பட்டறையில்தானே டேங்குக்குப் பெயிண்ட் அடிக்கிறார். அவரும், ரெண்டு பேர் பொழைப்பும் ஒரே கூரைக்குக் கீழ இருக்கு, எழுதித் தொலை என்று கத்தினார். நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நீ கத்தினது என் காதுல விழுந்துச்சும்மா, ஆனா நான் சொன்னா எவன் நம்புவான் என்றாள் அந்த அக்கா. அதற்கு மேல் யோசிக்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

நேற்று போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டேன். கார்ப்பரேட்டரை மாட்டியது நான், மாட்டச் சொன்னது முதலாளி, ஓட்டாதீர்கள் என்று சொன்னது நான், கேட்டும் ஓட்டியது டாக்டர். இன்று காலை என்னைப் பட்டறை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அப்பாவை உள்ளே விட்டார்கள். அவர் திரும்பிப் பார்க்காமல் போனார்.

உன் பேச்சைக் கேட்கவில்லை என்று வருத்தப்படாதே. உனக்கு எந்தக் குறையும் வராது, தலை நிமிர்ந்து நன்றாக இருப்பாய். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அப்பாவுக்குப் போன் போடு. எனக்காகப் பரிந்து பேச வேண்டாம், சாப்பிட்டாரா என்று மட்டும் கேள். நான் கேட்டால் பதில் சொல்வதில்லை.

உன் அம்மா