எட்டாவது கேள்விக்குப் பதில்

செய்தி வந்தது செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு. உன் பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் சைக்கிளில் மில்லுக்கே வந்துவிட்டார். "வகுப்புல மயங்கி விழுந்தாங்க சார்... டீச்சர் போயிட்டாங்க" என்றார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மிஷின் நின்றால் முதலில் நேரத்தைக் குறித்துப் பழகியவன்.

இருபத்தொரு நாள் ஆகிறது. இன்று நம் கோச்சடையில் ஆற்றோரம் யாரோ ஈர வைக்கோலைக் கொளுத்தியிருக்கிறார்கள். அந்தப் புகை ஜன்னல் வழியே வந்ததும் ஹாலந்து ஞாபகம் வந்தது. கூடவே நீ.

உன்னை வீட்டில் விட்டுவிட்டு அங்கே மேற்படிப்புக்குப் போன அந்த இரண்டு வருடத்தில் நான் எழுதியவற்றில் உனக்குப் பிடித்தது ஒரே கடிதம். இங்கே டீக்கடை மாதிரி ஓர் இடத்தில் கஞ்சாவுக்கு விலைப்பட்டியல் எழுதி மாட்டியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தேன். சாப்பிட்டாயா, குளிருதா என்று வீடே கேட்டுக்கொண்டிருக்க, நீ மட்டும் வினாத்தாள் மாதிரி நம்பர் போட்டு எட்டுக் கேள்விகள் அனுப்பினாய். வாசம் எப்படி இருக்கும்? குடித்தவன் சண்டை போடுவானா, தூங்குவானா? பெண்கள் வருவார்களா? போலீஸ்காரர் வந்தால் என்ன செய்வார்?

வாசத்துக்கு ஈர வைக்கோல் என்று எழுதினேன். போலீஸ் விஷயத்தை உடன் படித்த டச்சுக்காரனிடம் கேட்டேன். சட்டப்படி குற்றம்தான், கொஞ்சமாக வைத்திருந்தால் பிடிக்கமாட்டார்கள் என்றான். குற்றமென்றால் பிடிக்க வேண்டாமா, எனக்கு விளங்கவில்லை என்று உனக்கு எழுதினேன். உன் பதில் வந்தது: "இதுல வெளங்காததுக்கு என்ன இருக்கு? மாமா கொல்லைல பீடி குடிக்கிறது அத்தைக்குத் தெரியும். தெரியாத மாதிரி தண்ணி எடுக்கப் போயிருவாக. ஒங்க ஹாலந்து சட்டம் நம்ம வீட்டுலயே இருக்கு."

எட்டாவது கேள்வி, "நீங்க இழுத்துப் பாத்தீகளா?"

இல்லை என்று எழுதினேன். என் கடிதங்களை அப்பா உடைத்து, எல்லோருக்கும் சத்தமாக வாசிப்பார். வேறு என்ன எழுத?

திரும்பி வந்த அன்று மதுரை ஜங்ஷனில், பெட்டியை இறக்குவதற்குள் கேட்டாய்.

"அந்த எட்டாவது பதில் பொய்தான?"

"வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்."

"அப்பப் பொய்தான்."

பிறகு அது விளையாட்டானது. நான் நாளைக்கு நாளைக்கு என்பேன்; நீ விடமாட்டாய். அந்தச் செவ்வாய்க்கிழமையும் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "இன்னைக்குச் சாயங்காலம் சொல்லலேன்னா ஒங்களுக்குச் சோறு கெடையாது" என்றாய். "சரி, வந்து சொல்றேன்" என்றேன்.

சொல்கிறேன். இரண்டு தரம் இழுத்தேன். தொண்டை எரிந்தது. அரைமணி நேரம் ஒன்றுமே இல்லை; ஏமாற்று வேலை என்று நினைத்து அறைக்குத் திரும்பினேன். பிறகு அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் டிக் டிக்கென்று சத்தம் போட்டது. அதில் ஏதோ கணக்கு இருக்கிறது என்று தோன்றி வெகுநேரம் எண்ணினேன். காரணமில்லாமல் சிரித்தேன். அப்புறம் பயம் பிடித்துக்கொண்டது. ஸ்காலர்ஷிப் போய்விடுமோ என்றல்ல. உன் முகம் ஞாபகத்துக்கு வரவில்லை. பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உன் போட்டோவைத் தேடினேன். கிடைத்த பிறகுதான் மூச்சு வந்தது. மறுபடி அந்தக் கடைக்குப் போகவில்லை. உன்னிடம் சொல்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததும் இந்த ஒரு இடத்துக்காகத்தான்.

இதைக் கேட்டிருந்தால் நீ சும்மா இருந்திருக்கமாட்டாய். ஒன்பதாவதாக ஒன்று கேட்டிருப்பாய். அது என்னவாக இருக்கும் என்று நான் யோசிக்க வேண்டும். மில்லிலிருந்து போன் விடாமல் அடிக்கிறது. ரிசீவரை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டேன்.