ஸ்கூட்டர் இருக்கையும் மூன்று கோழிகளும்

ராயபுரம்,
ஞாயிறு மாலை

அன்பு மகள் ரூத்துக்கு,

உன் தந்தை கஸ்பார் ஆகிய நான், உன் பெயரில் பதிவாகியுள்ள ஸ்கூட்டரின் இருக்கையைக் கழற்ற உன் அனுமதி கோரி இதை எழுதுகிறேன். ஆண்டவர் அருளால் அம்மாவும் நானும் சுகம்; ஹாம்பர்க் குளிரில் நீயும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறோம்.

கொல்லையில் அம்மா வளர்க்கும் நான்கு கோழிகளுக்குக் கூடு அமைக்கும் பொறுப்பை நான் ஏற்றிருந்தேன். துறைமுகத்தில் சரக்குப் பெட்டகங்களைச் சோதிப்பவனுக்கு ஒரு கூடு பெரிதா என்று எண்ணி, பூச்சிமருந்து அடித்ததாக முத்திரையிட்ட பலகைகள் கோழிக்கு ஆகாதென ஒதுக்கி, நான்கு பக்கமும் தகரம் அடித்து, கதவு விளிம்பில் ரப்பர் பட்டையும் வைத்தேன். சொட்டு நீர் புகாது. காற்றும் புகாது என்பதை யோசிக்கவில்லை. நண்பகலில் கோழிகள் வாயைப் பிளந்து மூச்சிரைத்தன. அம்மா எட்டிப் பார்த்து, "இன்னாங்க, கோழிய சிங்கப்பூருக்கு ஏத்தி அனுப்பப் போறீங்களா?" என்று கேட்டாள்.

தகரத்தைப் பிரித்தேன். கடற்காற்று அடிக்கும் கிழக்கே மட்டும் பலகை, மற்ற மூன்று பக்கமும் கம்பிவலை, பெருச்சாளி தோண்டாமலும் மழைநீர் ஏறாமலும் இருக்க இடுப்புயரக் கால்கள். குறை சொல்ல இடமில்லை. ஆனால் பொழுது சாய்ந்தால் கோழிகள் கூட்டைத் திரும்பியும் பாராமல், கொல்லையில் நிற்கும் உன் ஸ்கூட்டரில் வரிசையாக ஏறி அமர்ந்துகொள்கின்றன. அவை அமர நான் உள்ளே வைத்த இரும்புக்குழாய் அவற்றின் கால்களுக்கு வழுக்குகிறது என்பது என் கணிப்பு. "வாசல்லயே ஹார்பர் பாஸ் கேட்டா அதுங்க எப்டி உள்ள போவும்?" என்பது உன் அம்மாவின் கணிப்பு.

செவ்வாயன்று விடியலில் கறுப்புக்கோழியை வண்டி மேலிருந்தே பூனை கவ்விப் போயிற்று. நீ போன பிறகு காலையில் அம்மா வாய்விட்டுப் பேசுவது இந்தக் கோழிகளோடுதான். "இன்னொண்ணு போச்சின்னா மிச்சத்த மொஹ்சின் பாய் கறிக்கடையில குட்த்துடுவேன், என்னால பாத்துக்கினு இருக்க முடியாது" என்றவள், அன்று வாங்கிய மீனைக்கூட ஆயாமல் வைத்துவிட்டாள். ஆகவே அவை பழகிய இருக்கையையே கூட்டுக்குள் பொருத்துவதென முடிவு செய்துள்ளேன். ஊர் வந்ததும் ஓட்டுவேன் என்று நீ சொல்லிப்போன வண்டி அது. உன்னைக் கேளாமல் கை வைப்பது முறையல்ல.

காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஈரத் தலையோடு கிளம்பாதே, ஞாயிறு பூசையைத் தவறவிடாதே. எங்கள் இருவரின் ஆசீரும் எந்நாளும் உன்னோடு இருக்கும்.

பதில் வரும்வரை காத்திருப்பதே ஒழுங்கு. ஆயினும் துறைமுகத்தின் மேல் மேகம் கறுத்துவிட்டது, கோழிகள் மூன்றும் வண்டியை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டன, உன் அம்மா கையில் ஸ்பானரோடு கொல்லை வாசலில் நிற்கிறாள். ஆதலால், மகளே, அனுமதியைப் பின்னர் பெற்றுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில், நான் இப்போதே இருக்கையைக் கழற்றப் போகிறேன்.

உன் அப்பா,
கஸ்பார்