அப்பாவின் காருக்கு வாங்கிய கேஸ்கெட்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், கவலை வேண்டாம்.

நேற்று ஒர்க்‌ஷாப்பில் ஒரு வேடிக்கை. அப்பா வைத்திருந்த அதே பழைய மாடல் கார், அதே போல என்ஜின் மேல்மூடியான வால்வ் கவரில் எண்ணெய் கசிந்தபடி வந்தது. கசிவை அடைக்க மூடிக்கு அடியில் வைக்கும் கேஸ்கெட், கடையில் ரப்பரில்தான் இருந்தது; அது பொருந்தவில்லை. "ஊருக்கு வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வாடா" என்று அப்பா கேட்டாரே, அந்தத் தக்கை கேஸ்கெட் என் பெட்டியில் மடங்காமல் இருந்தது. அப்பாவும் போய்விட்டார், காரையும் தம்பி விற்றுவிட்டான், இனி எதற்கு என்று அதையே அந்தக் காரில் மாட்ட எடுத்தேன்.

மூலைகளில் மட்டும் பசை வைத்து, போல்ட்டுகளைப் பதமாக இறுக்க வேண்டும். பதினைந்து வருடமாகச் செய்கிற வேலைதான். நேற்று என்னவோ, இறுக்கிக்கொண்டே போனேன். தக்கை பிதுங்கிக் கிழிந்துவிட்டது.

"யார் மேலய்யா கோவம்? போல்ட் என்ன பண்ணுச்சு?" என்றார் ஃபோர்மேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அம்மா, ஒரு சின்ன வேலை. வாசலில் கார் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை இருக்கும். அதைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். நான் வந்து பார்க்கும்வரை இருக்கட்டும்.

வேலைக்குக் கூட்டிப் போகும் வேன்காரர் ஹாரன் அடிக்கிறார்.

உங்கள் பெரியவன்